செஞ்சிக் கோட்டை: எதை எப்போது ஏறுவது, எதை விட்டுவிடக் கூடாது

திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் ‘அப்படியே ஒரு மணி நேரம் செஞ்சியையும் பார்த்துவிடலாம்’ என்று திட்டம் போடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு மணி நேரத்தில் டிக்கெட் கவுண்டர், கல்யாண மகால் வாசல், நாலு செல்ஃபி, கொஞ்சம் குரங்குத் தொல்லை. அதற்குமேல் ஒன்றும் நடக்காது. செஞ்சி என்பது ஒரு மலைமேல் ஒரு கோட்டை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் மதிலால் கோத்து முக்கோணமாக வளைத்த ஒரு பெரும் பரப்பு. சுற்று மதிலின் நீளம் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். நிதானமாகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். சுற்றுவட்டாரக் குடைவரைகளையும் சேர்த்தால் இரண்டு நாள்.

2025 ஜூலையில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் இருப்பவை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ராஜஸ்தான் கோட்டைகள் மாதிரி அரண்மனை, கண்ணாடி வேலைப்பாடு, ஒலி–ஒளிக் காட்சி என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியது கல், தண்ணீர், தற்காப்பு இந்த மூன்றும்தான். ஒரு படையை எப்படி வெளியே நிறுத்தினார்கள், உள்ளே இருந்தவர்கள் மாதக்கணக்கில் எதைக் குடித்து எதைத் தின்று தாக்குப்பிடித்தார்கள் என்ற கேள்வியோடு நடந்தால் ஒவ்வொரு வளைவிலும் பதில் இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லாமல் நடந்தால் எல்லாம் இடிந்த சுவராகவே தெரியும்.

போய்ச் சேருவது

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை இன்னும் வரவில்லை. பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம். அங்கிருந்து பேருந்தில் 28 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர், திருவண்ணாமலையிலிருந்து 40க்குச் சற்றுக் குறைவு, புதுச்சேரியிலிருந்து 70 வாக்கில்.

சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் ‘திருவண்ணாமலை’ என்று பலகை போட்ட பேருந்தில் ஏறுமுன் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். திண்டிவனம் வழி வண்டிதான் செஞ்சிக்கு வரும். ஆரணி வழியாகவும் வந்தவாசி வழியாகவும் திருவண்ணாமலை போகிற வண்டிகள் உண்டு. அவற்றில் ஏறினால் செஞ்சி கண்ணிலேயே படாது. செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே, திருவண்ணாமலை சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையே கோட்டையை ஊடறுத்துத்தான் போகிறது. செஞ்சியிலிருந்து போகும்போது வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் உள்ளே தள்ளி ராஜகிரி. ஆட்டோ பேசும்போது ‘கோட்டை’ என்று மட்டும் சொன்னால் ராஜகிரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மலையும் பார்த்துத் திரும்புகிற மாதிரி சேர்த்தே பேசிவிடுங்கள். வெயிலில் இரண்டு வாசல்களுக்கும் நடுவே நடப்பது வீண் களைப்பு.

காரில் வருகிறவர்கள் கைபேசி வரைபடத்தில் ‘கிருஷ்ணகிரி கோட்டை’ என்று தேடாதீர்கள். அது ஓசூர்ப் பக்கத்துக் கிருஷ்ணகிரிக்கு இழுத்துக்கொண்டு போகும். அங்கேயும் உண்மையிலேயே ஒரு கோட்டை இருப்பதால் தவறு தெரிவதற்குள் பாதி தூரம் போயிருப்பீர்கள். ‘ராஜகிரி’ என்று தனியாகத் தேடினாலும் பாபநாசத்துக்குப் பக்கத்து ராஜகிரி வந்து நிற்கும். ‘செஞ்சிக் கோட்டை’ என்று தேடுவதே பத்திரம்.

நாள் பார்ப்பதில் இரண்டு விஷயம். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் முழுக்க இந்தச் சாலையில்தான் போகும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற கூட்டத்தில் செஞ்சி பேருந்து நிலையமே நிரம்பி வழியும். காலண்டரைப் பார்த்து இந்த இரண்டு நாளையும் அவற்றின் மறுநாள் காலையையும் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் ஏறுவதற்கு நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வருவது என்றால் ராஜகிரி உச்சியை மறந்துவிட்டுக் கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஐப்பசி மழையில் பாசி பிடித்த படிகள் வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

ராஜகிரி: காலையில் மட்டும்

கோட்டை காலை 9 மணிக்குத் திறக்கும், மாலை 5 மணிக்கு மூடும். இந்தியர்களுக்குக் கட்டணம் 25 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். இணையவழியில் எடுத்தால் கட்டணம் சற்றுக் குறைவு. ஆனால் வாசலில் நின்றுகொண்டு சிக்னலுக்காகக் கையைத் தூக்கிப் பிடிப்பதைவிட, முந்தின இரவே எடுத்துவைப்பது அல்லது சில்லறையோடு வருவது சுலபம். டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி வாசலிலும் அதையே காட்டலாம்.

வரிசை இப்படி: திறந்ததும் நேராக ராஜகிரி. கல்யாண மகால் பக்கம் தலைவைக்க வேண்டாம், அது எங்கும் ஓடிப்போகாது. முதலில் கீழ்க்கோட்டையைச் சுற்றிவிட்டு பதினொன்றரைக்கு மலையேறத் தொடங்குவதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தவறு. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பாதையின் கீழ்ப்பகுதியில் மரநிழல் உண்டு. அதைத் தாண்டியதும் திறந்த பாறை. கருங்கல் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைப் பிற்பகலில் திருப்பித் தரும். இரண்டு மணிக்கு மேலே நிற்பவருக்குத் தலைக்கு மேலே ஒரு வெயில், காலுக்குக் கீழே இன்னொரு வெயில். தவிரவும், பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் உச்சிக்கு விடமாட்டார்கள். மேலே போனவர்கள் மூடும் நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு அது, வாக்குவாதம் செய்து பயன் இல்லை.

சராசரி உடல்நலம் உள்ளவர்களுக்கு ஏற ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், இறங்க முக்கால் மணி. படிகள் ஒரே அளவில் இல்லை. சில படிகள் ஓர் அடிக்கு மேல் உயரம், சில படிகள் பாதம் பாதிதான் வைக்க முடிகிற அகலம். அதனால்தான் மூச்சைவிட முழங்கால்தான் முதலில் முறையிடும். இறங்கும்போது நேராக இறங்காமல் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் குறுக்காக இறங்கினால் முட்டிக்கு இதம். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் கடை எதுவும் இல்லை, அதுவே நல்லதுதான்.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவை கோயில் குரங்குகளைப் போல் பழகியவை, ஆள் பயம் கிடையாது. கையில் தொங்கும் பிளாஸ்டிக் கவர்தான் அவற்றின் இலக்கு. உள்ளே சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடுங்கும். ஜூஸ் பாட்டிலை நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். முதுகுப் பையில் வைத்து ஜிப்பை முழுக்க மூடுங்கள். பக்கவாட்டு வலைப்பையில் பாட்டில் செருகாதீர்கள். பிடுங்கிவிட்டால் இழுபறி வேண்டாம், கடி வாங்கினால் அன்றைய நாள் அரசு மருத்துவமனையில் முடியும்.

பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். சித்திரையில் இங்கே நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் திரண்டு வருவார்கள். கோட்டை எத்தனை கை மாறினாலும் இந்த அம்மன் மட்டும் இடம் மாறவில்லை. மூச்சு வாங்க உட்கார வேண்டிய இடமும் இதுதான். இதற்குமேல் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் இங்கேதான். முட்டிவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் இங்கிருந்தே திரும்பிவிடலாம். கீழே பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது.

ஏறும்போது வாசல்களைக் கவனியுங்கள். எந்த வாசலுக்கும் நேராகப் போய் நிற்க முடியாது. பாதை கடைசி நொடியில் திரும்பும், வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன அடைப்பு இருக்கும், மூன்று பக்கமும் மேலே மதில். யானையைக் கொண்டுவந்து கதவை மோதவேண்டும் என்றால் அது ஓடிவந்து வேகம் எடுக்க இடம் இருக்கக் கூடாது என்பதற்கான அமைப்பு அது. உள்ளே வந்த கூட்டத்தின் தலையில் மேலிருந்து எதை வேண்டுமானாலும் கொட்டலாம். அந்த அடைப்பின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வருவதுதான் செஞ்சியின் உயிர்நாடி. மலையின் முகடு அங்கே இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளவின் அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. அதன்மேல் ஒரு பாலம். ஆபத்து வந்தால் பாலத்தை அகற்றிவிட்டால் போதும், மேலே இருப்பவர்களை எட்ட வேறு வழியே இல்லை. பிளவின் அந்தப் பக்கத்தில் ஒரு குறுகிய வாசல், அதில் ஒரு நேரத்தில் ஓரிருவர்தான் நுழைய முடியும். இந்த ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்த பிறகுதான், முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கி 1698 வரை ஏன் இழுபட்டார் என்பது புரியும். சிவாஜியின் மகன் ராஜாராம் மராட்டியத் தலைநகரையே இங்கே மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. கோட்டை விழுவதற்குள் அவர் தப்பித்தும் போய்விட்டார்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், கருவூலம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. கட்டடங்கள் அவ்வளவு பிரமாதம் இல்லை. பிரமாதம் எல்லாம் அங்கிருந்து கீழே பார்ப்பதில் இருக்கிறது. மூன்று மலையையும் கோக்கும் மதில் முழு வரைபடமாக விரியும். சக்கரகுளம், செட்டிகுளம், வெங்கடரமணர் கோயில் கோபுரம், மசூதி எல்லாவற்றையும் இங்கேயே அடையாளம் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே வழிகாட்டிப் பலகைகள் போதாது, பல இடங்களில் இல்லவே இல்லை. மேலிருந்து பார்த்து வைத்ததுதான் கீழே உதவும். விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. காற்றும் பலமாக அடிக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வது இங்கே வேண்டாம்.

கீழ்க்கோட்டை

இறங்கி வந்து, கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். நிழலுள்ள இடங்கள் பல இருப்பதால் உச்சிப் பொழுதை இங்கே தள்ளிவிடலாம்.

கல்யாண மகால் எல்லோரும் படம் எடுக்கும் கட்டடம். நடுவே பிரமிடு போலக் குறுகிக்கொண்டே போகும் பல மாடிக் கோபுரம். ஒவ்வொரு மாடியிலும் ஒரே ஒரு சின்ன அறை, அதைச் சுற்றி வளைவுகளோடு தாழ்வாரம், குறுகலான படிக்கட்டு. கீழே முற்றத்தைச் சுற்றி அறைகள். சுடுமண் குழாய் பதித்து வெளியேயுள்ள நீர்நிலையிலிருந்து இதற்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். படிக்கதவு பூட்டியிருந்தால் முற்றத்தில் நின்று பார்ப்பதோடு சரி. ஒட்டியுள்ள நீண்ட லாயங்களின் வளைவு வரிசை, வெயில் சாயும் நேரத்தில் படம் எடுக்க மகாலைவிட நன்றாக இருக்கும்.

பக்கத்திலேயே ஆனைக்குளம். அதன் கரைப்பக்கத்தில் ஒரு கல் பலகை தரையில் கிடக்கிறது. சுமார் 15 அடிச் சதுரம், கனம் நாலைந்து அங்குலம்தான். ராஜா உட்கார்ந்து குளித்த கல் என்று சொல்வார்கள். ராஜா குளித்தாரோ இல்லையோ, இவ்வளவு பெரிய கல்லை உடையாமல் இவ்வளவு மெல்லியதாகப் பிளந்து, வழவழவென்று தேய்த்து, இங்கே கொண்டுவந்து போட்டார்களே, அதுதான் ஆச்சரியம். குனிந்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். நிறையப் பேர் இதன் மேலேயே நடந்து போகிறார்கள், கீழே பார்ப்பதில்லை.

களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் வெப்பம் சட்டென்று குறையும். தடித்த சுவர், வில்வளைவுக் கூரை, வெளிச்சம் குறைவு. தானியம் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இன்று வெயிலில் வந்தவர்களுக்கு உதவுகிறது. வௌவால் வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவை உள்கோட்டை. பெரும்பாலானவர்கள் இத்தோடு திரும்பிவிடுவதால் வெளிமதிலுக்குள் கிடக்கும் நல்லவை ஆளில்லாமல் இருக்கின்றன. புதுச்சேரி வாசல் பக்கம் போனால் சாதத்துல்லா கான் மசூதி. செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு 1714இல் போரில் விழுந்த பிறகு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் காலத்தில், 1717–18இல் கட்டியது. அதே பகுதியில் வெங்கடரமணர் கோயில். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்தியாலு நாயக்கர் எடுத்தது, செஞ்சியிலேயே பெரிய கோயில். வழிபாடு இல்லாத பழங்கோயில் என்று அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ராமாயணக் காட்சிகள், திருமாலின் அவதாரங்கள், பாற்கடல் கடையும் காட்சி எல்லாம் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. வாசலுக்குள் வெளிச்சம் குறைவு. கைபேசி டார்ச்சைச் சிற்பத்துக்கு நேராகப் பிடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், தேய்ந்த உருவங்கள்கூட எழுந்து நிற்கும். இந்தக் கோயிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள் என்பார்கள்.

சக்கரகுளத்துக்குப் பக்கத்தில் கைதிக் கிணறு. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய உருண்டைப் பாறை, அதற்குள் இயற்கையாகவே மேலிருந்து கீழ்வரை ஒரு பொந்து. அடியைக் கட்டி அடைத்து, மேல் விளிம்பில் செங்கல் சுவர் எழுப்பி, தண்ணீரில்லாத கிணறாக்கி இருக்கிறார்கள். மரண தண்டனைக் கைதிகளை இதற்குள் போட்டுப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. செட்டிகுளக் கரையைத் தேசிங்குக்குச் சிதை மூட்டிய இடம் என்று காட்டுவார்கள். தேசிங்கு செஞ்சியை ஆண்டது மிகக் குறுகிய காலம்தான். ஆனாலும் நாட்டுப்பாடலில் கோன்களும் நாயக்கர்களும் பெறாத இடத்தை அவன் பெற்றுவிட்டான். ஊரில் யாரைக் கேட்டாலும் கோட்டையைக் கட்டியதே தேசிங்குதான் என்பார்கள். கட்டத் தொடங்கியவர் 1190 வாக்கில் ஆனந்தக் கோன். அதற்குப் பின் விஜயநகரத்து நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சு, 1761இல் ஆங்கிலேயர் என்று போகிறது கதை. எட்டு ஆண்டு முகலாயரை நிறுத்திவைத்த அதே கோட்டையைப் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதில் எவ்வளவு கனமாக இருந்தாலும் காவலுக்கு ஆள் சரியாக இருக்க வேண்டும் அல்லவா.

கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும்

ஒரு மலைதான் ஏற முடியும், அதுவும் கடினமாக இருக்கக் கூடாது என்றால் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுங்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் ஏறிவிடலாம். படி சீராக இருக்கும், கூட்டமும் குறைவு. உச்சியில் ஒரு கிருஷ்ணர் கோயில், களஞ்சியங்கள், நடுவே குவிமாடம் வைத்த ஒரு மண்டபம். அந்த மண்டபத்து ஜன்னல் மேடையில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் காற்று. எதிரே ராஜகிரி முழுசாகத் தெரியும். ராஜகிரியின் மேல் நின்றால் ராஜகிரியைப் பார்க்க முடியாதே, அதன் செங்குத்தும் பிளவும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டிய இடம் இது. ராஜகிரி வேண்டாம் என்று வைத்தவர்கள் காலையிலேயே இங்கே ஏறலாம். இரண்டும் ஏறுகிறவர்கள் மூன்று மணி வாக்கில் தொடங்கினால் ஐந்துக்குள் இறங்கிவிடலாம். நிழல் மட்டும் ராஜகிரியைவிடக் குறைவு.

சந்திரகிரிக்குச் சரியான பாதை கிடையாது. முள்ளும் புதரும் சரிந்த கற்களுமாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் கீழிருந்து பார்த்துக்கொள்வதே போதும்.

பக்கத்து ஊர்கள்

கோட்டையைவிடச் சில நூற்றாண்டுகள் மூத்த கல் வேலைகள் செஞ்சியைச் சுற்றி இருக்கின்றன. செஞ்சிக்கு வந்துவிட்டு இவற்றைப் பார்க்காமல் போவது, உள்ளபடியே பெரிய நஷ்டம்.

முதலில் சிங்கவரம். வடக்கே நாலைந்து கிலோமீட்டர். மலைமேல் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில், உள்ளே பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர், நீளம் சுமார் 24 அடி. தேசிங்கின் இஷ்ட தெய்வம் இவர்தான் என்றும், கடைசிப் போருக்குக் கிளம்பியபோது ‘போகாதே’ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் கதை. தாயார் சன்னிதியை ஒட்டிப் பாறையில் ஒரு கொற்றவைச் சிற்பம் உண்டு, கேட்டால் காட்டுவார்கள், கேட்காவிட்டால் தெரியாமலே திரும்பிவிடுவீர்கள். மதியம் நடை சாத்திவிடும். காலையில் முதல் வேலையாக அல்லது மாலையில் வையுங்கள்.

சிங்கவரம் போகும் வழியிலேயே திருநாதர் குன்று. பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்பத் தவறிவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். சின்னக் குன்றுதான், பத்து நிமிட ஏற்றம். மேலே ஒரு பெரிய பாறையின் முகத்தில் 24 சமணத் தீர்த்தங்கரர்களும் மேலே 12, கீழே 12 என்று இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். இன்னொரு பாறையில் ஒரு கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் என்கிறது அது. பழைய தமிழ் எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்துக் கையெழுத்து. இந்தக் கல்வெட்டு தரைமட்டப் பாறையில் இருப்பதால் உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல், வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் எழுத்துக் குழிகளில் நிழல் விழுந்து வரிகள் தெளியும். தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, சாக்பீஸ் பூசுவது எல்லாம் கூடவே கூடாது. இந்த வட்டாரத்தில் இன்றும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. திண்டிவனம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மேல்சித்தாமூரில் அவர்களுடைய ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கின்றன. உள்ளே தோல் பெல்ட், தோல் பை வேண்டாம்.

இரண்டாம் நாள் விழுப்புரம் சாலை. ஏறக்குறையப் பாதி வழியில் மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், திருமாலுக்கு விசித்திரசித்தன் (அவனுடைய பட்டப்பெயர்) எடுத்த கோயில் என்று அவனே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். இரண்டு ஓரத்திலும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று கருவறைகளும் காலி. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அந்தக் கல்வெட்டின் முன் நின்று, மாமல்லபுரம் முதல் தஞ்சாவூர் வரை அதற்குப் பின் வந்த கற்கோயில்களை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் நேரம் கூடவே ஆகும். அருகிலேயே தளவானூரில் மகேந்திரனின் இன்னொரு குடைவரை, சத்ருமல்லேசுவராலயம். முகப்பில் மகர தோரணம் அழகாக இருக்கும்.

அதே பக்கம் மேற்கே உள்ளே போனால் பனமலை. ராஜசிம்ம பல்லவன் குன்றின்மேல் எடுத்த தாளகிரீசுவரர் கோயில். இங்கே போவதே ஓர் ஓவியத்துக்காகத்தான். வடபுறச் சிற்றாலயத்தின் உட்சுவரில், தலைக்குமேல் குடை, ஒரு காலை மடக்கி ஒயிலாக நிற்கும் பார்வதி. பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. முகமும் நகைகளும் கொஞ்சம் வண்ணமும் மிச்சம். கோயில் எப்போதும் திறந்திருக்காது. கீழே ஊரில் அர்ச்சகரை விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், சுவரில் கை வைக்காதீர்கள். பேருந்தில் வருகிறவர்களுக்குப் பனமலையும் தளவானூரும் சிரமம். செஞ்சியிலேயே ஒரு காரோ ஆட்டோவோ அரை நாளைக்குப் பேசிவிடுவது மேல்.

புதுச்சேரிக்குத் திரும்புகிறவர்கள் கொஞ்சம் சுற்றிப்போய்த் திருவக்கரையில் கல்மரப் பூங்காவைப் பார்க்கலாம். சுமார் இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம்.

சாப்பாடும் தங்கலும்

கோட்டை வாசலில் இளநீர், வெள்ளரிக்காய், அவித்த மல்லாட்டை கிடைக்கும். (மணிலாக் கொட்டை, வேர்க்கடலை என்று எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.) வாசலிலேயே தின்று முடித்துவிட்டு உள்ளே போங்கள், குரங்குக்கும் அது பிடிக்கும். உட்கார்ந்து சாப்பிட ஊருக்குள்தான் வர வேண்டும். பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சாதாரண டிபன், சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வயிற்றைக் கெடுக்காது, நினைவிலும் நிற்காது. கழிப்பறை வசதியை டிக்கெட் வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே எதுவும் கிடையாது, பெண்களும் முதியவர்களும் இதைக் கணக்கில் வைத்துத்தான் தண்ணீர் குடிக்காமல் ஏறி மயங்குகிறார்கள். குடிக்காமல் ஏறுவது அதைவிட ஆபத்து.

விவரம் தெரிந்த வழிகாட்டி எல்லா நாளும் கிடைப்பார் என்று நம்பி வரவேண்டாம். கிடைப்பவர்களில் சிலர் தேசிங்கு கதையை மட்டுமே இரண்டு மணி நேரம் சொல்வார்கள். வெங்கடரமணர் கோயிலுக்கும் கைதிக் கிணற்றுக்கும் கூட்டிப்போவீர்களா என்று முதலில் கேளுங்கள். ‘அங்கே ஒன்றும் இல்லை சார்’ என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ட்ரோனுக்கும் முக்காலி வைத்த கேமராவுக்கும் முன் அனுமதி வேண்டும், வாசலில் போய்க் கெஞ்சிப் பயன் இல்லை.

செஞ்சியில் விடுதிகள் சிலதான், எளிமையானவை. குடும்பத்தோடு வருகிறவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ தங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திருநாதர் குன்றை வெயிலுக்கு முன் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு ராஜகிரி வாசலில் நிற்கலாம். திருவண்ணாமலையில் தங்குவதும் சரிதான், ஆனால் பௌர்ணமியை ஒட்டி அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை வேறு மாதிரி இருக்கும். அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசைகட்டும். அப்போது ஊரைக் கடக்க அரை மணி கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.